உடைந்த அப்பளம் – நான்கு

செப்டம்பர் 4, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்தது. இதுவரை இட்லி மாவு அரைத்த தேதியும் சிலிண்டர் மாற்றிய தேதியும்தான் இதில் இருக்கின்றன. கடைசிக் குறிப்பு சனிக்கிழமை காலை எழுதியது: ‘மாவு. உளுந்து ஒரு பிடி கூடுதல் என்று அத்தை சொன்னார்.’ அன்று மதியமே அத்தை போய்விட்டார். ஆவுடையம்மாள், எண்பத்துநாலு வயது, என் மாமியார். இருபத்துமூன்று வருடம் ஒரே அடுப்படியில் இருந்தோம்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வி கேட்கிறார்கள். “கடைசியா என்ன சொன்னாவ?” பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தானே. மதியம் இரண்டரை மணிக்கு, கூடத்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அத்தை சொன்னது இது: “பகவதி, மாவைத் தூக்கி பிரிட்ஜ்ல வை. இந்த வெயிலுக்குப் புளிச்சிரும்.” நான் வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

இதைச் சொன்னால் வந்தவர்களின் முகம் வாடிப்போகிறது. இன்னும் கொஞ்சம் எதிர்பார்க்கிறார்கள்.

மாவு அப்படியே இருக்கிறது. புளிக்கவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

நான்கு பந்தி. நான் உட்கார்ந்தபோது மூன்றரை. ரசம் மிச்சமிருந்தது.

செப்டம்பர் 7, வியாழன்

அத்தையின் கடைசி வார்த்தைகளைப் பெரிய அத்தான் திருத்திவிட்டார். சங்கரலிங்கம் அத்தான் என் கணவரின் அண்ணன். மதுரையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் மணி அடிக்கும் என்று எதிர்பார்க்கிறவர். இன்று காலை தென்காசியிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

“அம்மா கடைசியா என்ன சொன்னா தெரியுமா? ‘எல்லாத்தையும் பத்திரமாப் பாத்துக்கோ, கெட்டுப்போக விட்டுராதே’ன்னா.”

மாவைப் பற்றித்தான் சொன்னார் என்று வாதாடலாம். பொய் என்று சொல்ல முடியாது.

மாலைக்குள் இன்னொரு கூட்டம் வந்தது. இந்த முறை, “‘சங்கரன் இருக்கான், குடும்பம் கெட்டுப்போகாது’ன்னா” என்றாகிவிட்டது. கூடத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

காந்திமதி மதினி, கணவரின் அக்கா, அத்தையின் பீரோவைத் திறந்து புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். “ஏ பகவதி, ஒனக்கு எது வேணும்? அந்த அரக்கு கலரை எடுத்துக்கோ.” எனக்கு அத்தையின் பச்சை வயர் கூடை போதும் என்றேன். மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுல என்னத்தப் போட்டு வச்சிருந்தா எங்கம்மா?”

கண் ஆஸ்பத்திரி ஃபைலும் சொட்டு மருந்தும்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை அத்தை அந்தக் கூடையோடு ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குப் போவார். கண்ணில் அழுத்தம். துணைக்கு வருகிறேன் என்றால் கோபம் வரும். “நீ வந்தா இங்க யாரு சமைப்பா?” திரும்பி வந்ததும் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்வார். அன்று மதியம் சாப்பாடு வேண்டாம் என்பார். “அந்த மருந்தை விட்டா வயிறு திம்முன்னு இருக்கு.”

செப்டம்பர் 8, வெள்ளி

மாவு அரைத்தேன். மூன்று கிலோ. உளுந்து சரியா என்று கேட்கத் திரும்பினேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று பெரிய கூட்டம் நடந்தது. அடுத்த ஞாயிறு பதினாறாம் நாள். அத்தையின் படத்துக்கு முன்னால் இலை போட்டு அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். படைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. மதினி ஆரம்பத்திலேயே எச்சரித்துவிட்டார். “பிடிச்சதை வைக்காம விட்டா ஆத்மா வாசல்லயே நிக்குமாம். எங்க மாமியாருக்கு முறுக்கை மறந்துட்டோம். ஒரு வருசம் ராத்திரி முழுக்கக் கதவு தட்டுற சத்தம் கேட்டுது.”

“அது பக்கத்து வீட்டு மோட்டார்னு நீதான சொன்ன?” என்றார் என் கணவர் நெல்லையப்பன்.

“மோட்டாரை யாரு தட்ட வச்சா?”

அத்தான் நோட்டை விரித்து, மார்ஜின் கோடு போட்டு, தலைப்பு எழுதினார். “சொல்லுங்க. அம்மாவுக்கு என்னென்ன பிடிக்கும்? ஒவ்வொருத்தரா. முதல்ல நான். அவியல். அம்மாவுக்கு அவியல்னா உயிரு.”

அவியலென்றால் உயிர் அத்தானுக்கு. அவர் மதுரையிலிருந்து வருகிற அன்றெல்லாம் அத்தை அவியல் வைப்பார்.

“பால் பாயசம்” என்றார் மதினி. பால் பாயசத்துக்காக ஆறாம் வகுப்பில் அழுது புரண்டவர் யார் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். அத்தைக்குச் சர்க்கரை வியாதி வந்தே இருபது வருடம்.

என் கணவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, கூரையைப் பார்த்து, பிறகு சொன்னார். “காந்தல் தோசை. அம்மா எப்பவும் ஓரம் கருகினதைத்தான் எடுப்பா. நல்லா வந்த தோசையைத் தொடவே மாட்டா.”

“ஆமாமா” என்று அத்தான் துள்ளினார். “அதே மாதிரி அப்பளம். உடைஞ்ச அப்பளம்தான் அவளுக்குப் பிடிக்கும். முழு அப்பளத்தை நமக்கு வச்சிருவா.”

“முந்தின நாள் குழம்பு.”

“அடிச் சோறு.”

“ஆடை எடுத்த பால்.”

“வாழைப்பழத்துல அந்தக் கறுத்தது இருக்கும்லா, அது.”

மூவரும் நினைவுகளில் நனைந்துபோனார்கள். மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் வரிசை எண் போட்டு எழுதினார். பதினான்கு பொருள்கள். எட்டாவது: ‘உடைந்த அப்பளம் – நான்கு.’

நான் கேட்டேன். “அத்தான், அப்பளத்தை முழுசாப் பொரிச்சு உடைக்கணுமா, இல்ல உடைஞ்சதையே பொரிக்கணுமா?”

அவர் கிண்டல் என்று நினைக்கவில்லை. பேனாவை மூடி யோசித்தார். “இயற்கையா உடைஞ்சதுதான் மொறை.”

அத்தையை ஊருக்குத் தெரிந்த பெரிய சமையல்காரி என்று இவர்கள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். படையலுக்கு வைக்கப் பார்ப்பது நாய்க்குக்கூட யோசித்து வைப்பதை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே சிரிப்பு வரவில்லை. சரி, அவியல் இல்லை, பாயசம் இல்லை, காந்தல் இல்லை. பிறகு என்ன? எனக்குத் தெரியுமா?

எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தேன். ஒரு செடிக்கு எந்த மண், எவ்வளவு தண்ணீர், எந்த நேரத்து வெயில் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இருபத்துமூன்று வருடம் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி எழுத முடியவில்லை. கேட்காமல் இல்லை. “அத்தை, உங்களுக்கு என்ன செய்ய?” என்று கேட்பேன். “எது இருக்கோ அது.” நானும் எது இருக்கிறதோ அதை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். மதினியின் ஆத்மா, மோட்டார் எல்லாம் இருக்கட்டும். அந்த இலையில் உடைந்த அப்பளம் விழுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

செப்டம்பர் 11, திங்கள்

புதன்கிழமை அத்தைக்கு ஆஸ்பத்திரி முறை. வரமாட்டார் என்று சொல்லி வைப்போம் என்று ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பெயரைக் கேட்டுத் தேடினாள்.

“ஆவுடையம்மாளா? அவங்க வந்தே மூணு வருசம் ஆச்சேம்மா. அழுத்தம் சரியாயிருச்சு, இனிமே வர வேண்டாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க.”

வேறு ஆவுடையம்மாளாக இருக்கும் என்றேன். “எண்பத்தொண்ணு வயசு, கைலாசபுரம்” என்று படித்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய வயது. எங்கள் வீடுதான்.

போனை வைத்துவிட்டு அரைக் கிலோ வெங்காயம் உரித்தேன். கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

மூன்று வருடம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எழுபது, எழுபத்தைந்து புதன்கிழமைகள். எங்கே போனார்? கோயிலுக்கு என்றால் சொல்லிவிட்டே போயிருப்பார். ஜோசியரா? வேறு ஏதாவது நோயா? எண்பது வயதுக்கு மேல் ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் போகிற இடம் என்று ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம் சொன்னால் நோட்டில் எழுதிவிடுவார்.

செப்டம்பர் 12, செவ்வாய்

வயர் கூடையைக் கவிழ்த்தேன். ஃபைல். சொட்டு மருந்துக் குப்பி, மூடி திறக்காதது. அடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு சின்னக் கட்டு. பிரித்தால் கை துடைக்கிற காகிதம். ஹோட்டலில் கொடுப்பது. ஒவ்வொன்றும் நான்காக மடித்து, தேய்த்த வேட்டிபோல. எல்லாவற்றிலும் ஒரே பச்சை எழுத்து: ‘சிவகாமி விலாஸ், சைவ உணவகம், பாளை.’

செப்டம்பர் 13, புதன்

இலைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பத்து மணிக்குக் கிளம்பினேன். “வரும்போது உடைஞ்ச அப்பளம் கிடைச்சா பாரு” என்றார் அத்தான்.

சிவகாமி விலாஸ் கண் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருக்கிறது. காலைக் கூட்டம் முடிந்து மதியக் கூட்டம் வராத நேரம். பரிமாறுகிறவர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் பேச்சிமுத்து என்று பெயர். பச்சை வயர் கூடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அம்மா வரலையா?”

நான் சொன்னேன். அவர் துணியை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“போன தடவை கூட நல்லாத்தான இருந்தாவ. ரெண்டு ஊத்தப்பம் சாப்பிட்டாவ. நீங்க மருமவளா? எம்.எஸ்ஸி.?”

“எப்படித் தெரியும்?”

“‘எம் மருமவ எம்.எஸ்ஸி.’ன்னு மொதலாளிகிட்டயே சொல்லியிருக்காவ. ‘எங்க வீட்டுச் சாம்பார் அவ வச்சா இதைவிட நல்லாருக்கும்’பாவ. மொதலாளிக்கு மூஞ்சி செத்துப்போகும்.”

இந்தப் பாராட்டு எனக்கு நேரில் கிடைத்ததில்லை. நேரில் கிடைத்தது உளுந்து கூடுதல் என்பதுதான்.

நான் வந்த வேலையைக் கேட்டேன். “அத்தை இங்க என்ன சாப்பிடுவாங்க? என்ன பிடிக்கும் அவங்களுக்கு?”

“அப்படி ஒண்ணுன்னு கெடையாதும்மா. அந்த மூலை மேஜையில உக்காருவாவ. உக்காந்ததும் ஒரே கேள்விதான். ‘இப்ப எது சூடா இருக்கு?’ வடைன்னா வடை, பொங்கல்னா பொங்கல். ரெண்டு தோசைன்னா ரெண்டையும் சேத்துக் கொண்டாரக் கூடாது. ஒண்ணைச் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் அடுத்ததை ஊத்தணும். ஒருநா தெரியாம ஆறின இட்லியை வச்சிட்டேன். தொட்டுப் பாத்துட்டு, ‘ஐயா, ஆறினது வீட்லயே நெறைய இருக்கு’ன்னு திருப்பி அனுப்பிட்டாவ.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நிறுத்த வேண்டியிருந்தது.

“உக்காருங்கம்மா. அந்த மேஜைதான். இப்ப ரவா தோசை கல்லுல கெடக்கு.”

நேரமாகிறது, வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தேன். தோசை வந்தது. ஆவி முகத்தில் அடித்தது. பிய்த்து வாயில் போட்டதும் நாக்கு சுட்டுவிட்டது. தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தேன், இதற்கு முன் எனக்கு நாக்கு சுட்டது எப்போது என்று. நினைவுக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பாக இருக்கும்.

இரண்டாவதையும் ஊற்றச் சொன்னேன், முதலாவதை முடித்த பிறகு.

வீட்டில் மதியம் சாப்பிடவில்லை. ஏன் என்று மதினி கேட்டார். வெயிலில் போனது வயிறு திம்மென்று இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது.

செப்டம்பர் 14, வியாழன்

என் மகள் மிருதுளாவுக்குப் பதினேழு வயது, எதையும் கேட்டுவிடுவாள். பட்டியலைப் படித்துவிட்டு அவள் அப்பாவிடம் கேட்டாள். “ஆச்சிக்கு உடைஞ்ச அப்பளம். சரி. அம்மாவுக்கு என்னப்பா பிடிக்கும்?”

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “உங்கம்மாவுக்கு ஆறின காபி. சூடாக் குடிச்சு நான் பாத்ததே இல்ல.”

எல்லோரும் சிரித்தோம். எனக்கு வேலை இருந்தது. காபி மேடையில் ஏடு கட்டிக்கிடந்தது, எடுத்துக் குடித்தேன்.

செப்டம்பர் 16, சனி

எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்தேன். ஹோட்டலைச் சொல்ல முடியாது. அத்தை மூன்று வருடம் பாதுகாத்ததை நான் மூன்று நாளில் பந்தியில் வைக்க மாட்டேன். சொல்லாமல் எப்படி மாற்றுவது? அத்தான் பட்டியலை நகல் எடுத்து அடுப்படிச் சுவரில் வேறு ஒட்டிவிட்டார்.

வழியை அத்தானே காட்டினார். இன்று திருச்செந்தூரிலிருந்து வந்தவர்களிடம் அவர் கடைசி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது ஒரு பத்தி நீளம் இருக்கிறது. நான் காபித் தட்டோடு அங்கேயே நின்றேன்.

“அத்தை இன்னொண்ணும் சொன்னாங்க, அத்தான்.”

அத்தான் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி நான் என்பது அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் மாவு வெளியே வரும் என்பதும் தெரியும்.

“என்ன சொன்னா?” குரல் இறங்கியிருந்தது.

“‘எனக்கு எதைப் படைச்சாலும் ஆறினதை வைக்காதீங்க’ன்னாங்க. ‘எம் புள்ளைக கையால தோசை ஊத்தி, கல்லுல இருந்து நேரா இலைக்கு வரணும். நான் சாப்பிட்டப்புறம்தான் மத்தவங்களுக்கு’ன்னாங்க.”

“புள்ளைக கையாலயா?” என்றார் என் கணவர். பிறந்ததிலிருந்து தோசைக் கரண்டியை அவர் தொட்டதில்லை.

“ஆம்பளப் புள்ளைகன்னு சேத்தே சொன்னாங்க.”

பொய்தான். அளவாகத்தான் சேர்த்தேன்.

மதினி உடனே என் பக்கம் வந்துவிட்டார். “சாகப்போறவ கேட்டதைச் செய்யலைன்னா கதவு தட்டுற சத்தம்தான்.” அத்தான் தொண்டையைச் செருமினார். “ஆமா. எனக்கும் இப்ப ஞாபகம் வருது. அம்மா போன்ல ஒருதடவை சொல்லியிருக்கா.”

செப்டம்பர் 17, ஞாயிறு. பதினாறாம் நாள்

கூடத்தில் அத்தையின் படம், குத்துவிளக்கு, தலைவாழை இலை, பக்கத்தில் ஸ்டூல் போட்டு இண்டக்‌ஷன் அடுப்பு. எக்ஸ்டென்ஷன் வயர் ஆளைத் தடுக்கிவிட்டுக்கொண்டே இருந்தது. அறுபது பேர் பசியோடு உட்கார்ந்திருக்க, இரண்டு பிள்ளைகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அத்தானின் முதல் தோசை கல்லை விட்டு வரவில்லை. சுரண்டி எடுத்தார். இரண்டாவது அந்தமான் மாதிரி தீவு தீவாக வந்தது. என் கணவர் வாங்கி ஊற்றினார். அவருடையது நடுவில் மாவு, ஓரத்தில் கரி.

“இது போதும்லா?” என்று அதைத் தூக்கினார். “அம்மாவுக்குக் காந்தல்தான—”

“வேண்டாம்” என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகத் தெரிந்தது. “அடுத்ததை ஊத்துங்க.”

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் தோசையைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தார்.

“சூட்டைக் குறைடா” என்றார் அத்தான்.

“நீ ஊத்துனப்ப மட்டும் என்ன கிழிச்ச?”

“தண்ணி தெளிச்சியா மொதல்ல?”

“எவ்ளோ வேலை இருக்கு பாரேன் இதுல” என்று என் கணவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை, கல்லிடம் சொன்னார்.

ஏழாவது நன்றாக வந்தது. வட்டம், பொன்னிறம், ஓரம் தானாக எழும்பியது. இருவரும் குழந்தையைத் தூக்குவதுபோல் அதைச் சேர்ந்து தூக்கி இலையில் வைத்தார்கள். ஆவி எழுந்து படத்தின் கண்ணாடியில் படர்ந்தது. ஒரு நிமிடம் அத்தையின் முகம் தெரியவில்லை. ஆவி மறைந்ததும் நான்தான் சொன்னேன். “இப்ப ரெண்டாவதை ஊத்துங்க. ஒண்ணு முடிஞ்சப்புறம்தான் அடுத்தது.”

கருகியது ஆறு மிஞ்சியது. என்ன செய்வது என்று பிள்ளைகள் இருவரும் பார்த்தார்கள். மதினி அவற்றை ஆளுக்கு மூன்றாகப் பிரித்து அவர்கள் இலையில் போட்டார். “சாப்பிடுங்கடா. அம்மாவுக்கே பிடிச்சதுலா.”

அத்தான் முதலாவதைப் பிய்த்து மென்றார். நாலாவது வாயிலேயே நிறுத்தி, மெதுவாகக் கேட்டார். “ஏ காந்தி, இதை எப்படி அவ விரும்பித் தின்னா?”

என் கணவர் பட்டியலை எடுத்துக் கைகழுவப் போகும் வழியில் குப்பையில் போட்டார்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தபோது நான்கு மணி. அவியல் இருந்தது. ஆறியிருந்தது.

செப்டம்பர் 19, செவ்வாய்

அத்தானும் மதினியும் ஊருக்குப் போனார்கள். சுடச்சுடப் படைத்தது பற்றித் தெருவே பேசுகிறது. தன் யோசனை என்று என் கணவர் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 23, சனி

மாவு. உளுந்து சரியாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, செவ்வாய்

காலையில் பேப்பர் படிக்கும்போது எழுத்து கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. அவரிடம் சொன்னேன்.

“நாப்பத்தாறு வயசாச்சுல்லா. போய்க் காட்டிட்டு வா” என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். “அம்மா போன ஆஸ்பத்திரிதான் நல்லது. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கத் தவறாமப் போவா. கடைசி வரைக்கும் ஊசியில நூல் கோத்தா பாத்தியா?”

“ஆமா” என்றேன்.

“நான் வரணுமா?”

“வேண்டாம். நானே போயிட்டு வந்துருவேன்.”

பச்சை வயர் கூடையைத் துடைத்து வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். நாளை புதன். பத்து மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போவது நல்லது.